முள் ஆடாத பலகை

திருப்பாதிரிப்புலியூர்
3.6.2025

உத்திராபதிக்கு,

இதை நானாக எழுதவில்லை. உன் அக்கா எழுத வைக்கிறாள். "வாயத் தொறந்தா ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்க. போனும் வாணாம், ஒண்ணும் வாணாம். வேலைய பத்தி மட்டும் எழுதுங்க, பார்சலோட போவட்டும்" என்பது மலர்க்கொடியின் உத்தரவு. உன் மகள் இளமதியின் மஞ்சள் நீராட்டில் நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எங்க மாமா அவரு பாடைய அவரே கட்டிக்கிறாரு" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பிள்ளையின் விசேஷம் என்பதால் சும்மா எழுந்து வந்தேன்.

வேலைக்கு வருகிறேன். பார்சலில் இருப்பது என் விமானத்தின் பேனல். வேகம், உயரம், ஆயில் பிரஷர் எல்லாம் காட்டும் மீட்டர்கள் இதில்தான் உட்காரும். ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. ஆறு மீட்டருக்கு ஓட்டை போட்ட பிறகு நடுவில் மிச்சம் விரல் அகலம்தான். போன ஞாயிறு அண்ணாகிராமம் ஷெட்டில் இன்ஜினை ஓட்டினேன். பேனல் உதறுகிறது. ஒரு முள்ளும் நிற்கவில்லை. ஆடுகிற முள்ளை நம்பி மேலே போக முடியாது.

கீழ் விளிம்பை ஓர் அங்குலம் மடக்கு. பின்பக்கம் குறுக்கே இரண்டு ஆங்கிள் பட்டை வைத்து ரிவிட் அடி. கடலூரில் தகட்டு வேலைக்காரர்கள் இல்லாமலில்லை. உன் கை சுத்தம் அவர்களிடம் வராது. இதையும் உன் அக்காதான் எழுதச் சொன்னாள்.

ஆகஸ்டு கடைசிக்குள் முதல் பறப்பு. நான்தான் ஓட்டுவேன். ஒன்பது வருடம் கட்டியது. முதல் தடவை வேறொருவன் அதில் உட்கார நான் சம்மதிக்க மாட்டேன். பத்து நாளில் பேனல் வர வேண்டும்.

கலியமூர்த்தி

---

சிதம்பரம்
10.6.2025

மாமாவுக்கு உத்திராபதி வணக்கம்.

அக்கா சொல்லியாவது எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம். பார்சலை இறக்கின கண்டக்டர், "என்னா சார் இது, இவ்ளோ ஓட்டை? இட்லித் தட்டா?" என்று கேட்டார். பிளேனுடைய டேஷ்போர்டு என்றேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டபுள் விசில் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு நான் சொன்னது தப்புதான் மாமா. சபையில் சொன்னது தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை என்று இன்னும் நினைக்கிறேன், அதை நீங்கள் மாற்ற முடியாது. விமானப்படையில் இருபது வருஷம் அடுத்தவன் ஓட்டுவதற்கு ரிப்பேர் பார்த்தீர்கள். ஊருக்கு வந்து மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தீர்கள். நாற்பத்தைந்து வயதில் லைசென்ஸ் எடுத்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். ஷெட்டு போட்டு, தகடு வாங்கி, வீட்டுக்குள்ளே இறக்கை காய வைத்து, எங்கள் அக்கா மூன்று வருஷம் கூடத்தில் கோலம் போட இடமில்லாமல் இருந்தது. சரி, விடுங்கள்.

நீங்கள் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே செய்திருக்கிறேன். குறுக்கே இரண்டு ஆங்கிள் கேட்டீர்கள், மூன்று வைத்திருக்கிறேன். மேலே பிரைமர் அடித்து நம் பஸ்ஸுக்கு அடிக்கிற சாம்பல் பெயின்டும் கொடுத்தாயிற்று. பட்டறையில் சார்லஸ் என்று ஒரு வெல்டர், தொண்ணூறு கிலோ. அவரைப் பேனல் மேல் உட்காரச் சொன்னேன். ஒரு டீ முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். அசையவில்லை. இதற்கு மேல் பலம் வேண்டுமென்றால் கோயில் கோபுரத்தில்தான் மாட்ட வேண்டும்.

உத்திராபதி

---

திருப்பாதிரிப்புலியூர்
15.6.2025

உத்திராபதி,

நீ பஸ் கட்டுகிறவன் என்பதை நான் மறந்தது என் குற்றம்.

பேனலை மாட்டினேன். காம்பஸ் அதற்கு மேலேதான் உட்காரும். ஷெட் வாசல் நேர் கிழக்கு. விமானத்தின் மூக்கு வாசலைப் பார்த்து நிற்கிறது. காம்பஸ் தென்கிழக்கு என்கிறது. காம்பஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு நாள் முழுக்க அதைப் பிரித்தேன். கடைசியில் மலரின் பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையைக் கொண்டுபோய் உன் ஆங்கிளில் வைத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டது.

இரும்பு! அலுமினியப் பேனலுக்கு இரும்பு ஆங்கிள்! மூன்று! மேலே பெயின்ட் வேறு, எனக்குத் தெரியாமல் இருக்க! நெய்வேலிக்குக் கிளம்பினால் நடுக்கடலில் இருப்பேன். பாடை என்று சொன்னாயே, அதற்கு வேண்டிய ஏற்பாட்டை நீயே செய்துவிட்டாய்.

திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆங்கிள் அலுமினியம். ஸ்க்ரூ பித்தளை. காம்பஸ் பக்கத்தில் இரும்புப் பொட்டு கூட இருக்கக் கூடாது. எனக்கு நாள் இல்லை.

கலியமூர்த்தி

---

சிதம்பரம்
20.6.2025

மாமா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தப்பு என்னுடையதுதான்.

முப்பது வருஷமாக பஸ் பாடி கட்டுகிறேன். பலம் என்றால் எனக்கு இரும்புதான். வடக்கு எது என்று எந்த பஸ்ஸும் என்னிடம் கேட்டதில்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் ஓர் ஆங்கிள் கூட வைத்தேன். அதுவே உங்களுக்கு வழி தெரியாமல் அடித்திருக்கும். நிஜமாகவே சொல்கிறேன், இரண்டு நாளாகப் பட்டறையில் எவரையும் திட்டக்கூட இல்லை. சார்லஸ், "உடம்பு சரியில்லியாண்ணே?" என்று கேட்டுவிட்டார்.

நாற்பத்திரண்டு ரிவிட்டையும் நானே துளைத்து எடுத்தேன். இப்போது எல்லாம் அலுமினியம், பித்தளை. ஒரு காந்தம் வாங்கி ஒவ்வோர் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒட்டவில்லை. ஆங்கிள் இரண்டே வைத்திருக்கிறேன், நீங்கள் முதலில் சொன்ன மாதிரியே.

உத்திராபதி

---

திருப்பாதிரிப்புலியூர்
29.6.2025

உத்திராபதி,

காம்பஸ் கிழக்கைக் கிழக்கு என்கிறது. பாதி வேகம் வரை முள் நிற்கிறது. நல்ல வேலை.

ஆனால் மீட்டர்களின் இடத்தை மாற்ற வேண்டும். புதுப் படம் வைத்திருக்கிறேன். நான் உட்காருவது இடது சீட். என் நேரெதிரே இருப்பவை எல்லாம் இன்னும் நான்கு அங்குலம் இடப்பக்கம் வர வேண்டும். நடுவிலிருக்கும் ஆயில் பிரஷர் மீட்டரும் இடது ஓரத்துக்கு வரட்டும். புதுத் தகடு எடுத்துக்கொள். உன் நேரம் வீணாகாமலிருக்க நானே ஒரு தகட்டில் குறி வைத்து விளிம்பு முழுக்க ரிவிட் ஓட்டை போட்டிருக்கிறேன். அதையே அச்சாக வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்டு கடைசி என்றது இப்போது ஆகஸ்டு தொடக்கம். வீட்டில் உட்கார முடியவில்லை. கடைக்குப் போனாலும் கை ஓடவில்லை. தினமும் ஷெட்டுக்குப் போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

கலியமூர்த்தி

---

சிதம்பரம்
3.7.2025

மாமா,

படத்தைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், இது என்ன படம்? இடது பக்கம் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒன்பது மில்லிமீட்டர்தான் மிஞ்சுகிறது. வலது பக்கம் கபடி ஆடலாம். பந்தியில் எல்லாரும் ஒரே வரிசையில் முண்டியடித்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. இந்த இடது பக்கம் மறுபடியும் உதறும். பின்னால் இன்னொரு தகட்டை வைத்து இரட்டிப்பாக்கினால்தான் நிற்கும். செய்கிறேன், செய்ய முடியாதென்று சொல்லவில்லை. எதற்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒன்பது வருஷம் பொறுத்தவருக்கு இப்போது ஏன் இந்த அவசரம்? ஒவ்வொரு கடிதத்திலும் விரட்டுகிறீர்கள், தேதி வேறு முன்னால் வந்துவிட்டது. பஸ்ஸை பெர்மிட் முடிவதற்குள் ஓட்டப் பார்க்கிற முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்தான் இப்படி எழுதுவார்கள்.

உத்திராபதி

---

திருப்பாதிரிப்புலியூர்
7.7.2025

வலது பக்கம் வெயில் அடித்து மீட்டர் கண்ணாடி மின்னுகிறது. அதனால் மாற்றுகிறேன். போதுமா?

தகடு உன்னுடைய வேலை. எது எங்கே இருக்க வேண்டும் என்பது ஓட்டுகிறவன் வேலை. படத்தில் உள்ளபடி செய். பதினைந்தாம் தேதிக்குள் அனுப்பு.

கலியமூர்த்தி

---

சிதம்பரம்
14.7.2025

மாமா,

பேனலை அனுப்பவில்லை. பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

நீங்கள் ஓட்டை போட்டு அனுப்பிய தகட்டை மேசையில் வைத்தேன். இடது பக்கத்து வரிசை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. வலது பக்கத்து வரிசை கோணிக்கொண்டு போகிறது. சில இடத்தில் மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு ஓட்டை விளிம்புக்கு வெளியே போய்விட்டது. அக்காவுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து உங்கள் வேலையைப் பார்க்கிறேன். மாமா கோணல் ஓட்டை போட்டார் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை.

வெயில் என்றீர்கள். வெயில் காலையில் ஒரு பக்கம், மாலையில் ஒரு பக்கம் அடிக்கும். அதற்காக யாராவது பேனலை மாற்றுவார்களா?

உங்கள் படத்தை ஓர் அட்டையில் அதே அளவில் வரைந்து சுவரில் மாட்டினேன். எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எழுந்திருக்கும்போது சும்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இடது கண்ணை மூடினால் பாதி மீட்டர் மறைகிறது. வலது கண்ணை மூடினேன். எல்லாம் கச்சிதமாக எதிரே வந்து நின்றது.

அக்காவுக்குப் போன் போட்டு ஊர்க்கதை பேசுவது போலப் பேசினேன். "இப்பல்லாம் தம்ளர எங்க வச்சாலும் தட்டி உட்டுர்றாரு. கேட்டா நீ ஏன் இந்தப் பக்கம் வச்சேன்னு கத்துறாரு" என்றது. லைசென்ஸுக்கு மெடிக்கல் எப்போது என்று கேட்டேன். செப்டம்பர் என்றது. அதற்குள் பறந்துவிட வேண்டும் என்றுதானே இந்த ஓட்டம்?

உங்கள் வலது கண் தெரியவில்லை. நான் தப்பாகச் சொல்லியிருந்தால் பஸ் ஏறி வந்து என்னைச் செருப்பால் அடியுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். தப்பில்லை என்றால் அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஓர் ஓட்டையே விளிம்புக்கு வெளியே போகிறதே மாமா! எங்கள் அக்காவுக்கு நீங்கள் ஒருவர்தான். பிள்ளையும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அன்றைக்குப் பந்தியில் பேசியதும் அந்தப் பயத்தில்தான்.

உத்திராபதி

---

திருப்பாதிரிப்புலியூர்
17.7.2025

உத்திராபதி,

கண் டாக்டர் ஆகிவிட்டாயா? எப்போதிலிருந்து? பஸ் வியாபாரம் படுத்துவிட்டதா?

என் வீட்டு தம்ளரை வேவு பார்க்க என் பெண்டாட்டிக்கே போன் போடுகிறாய். கேவலமாக இல்லை உனக்கு? மலரிடம் ஒரு வார்த்தை போனால், ஜென்மத்துக்கும் உன் வாசல் மிதிக்க மாட்டேன். நான் செத்தால்கூட நீ வரக் கூடாது என்று எழுதி வைத்துவிடுவேன்.

இருபது வருடம் ஓடுதளத்தில் நின்று கை காட்டினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன் எல்லாம் நான் துடைத்த கண்ணாடி வழியாக மேலே போவான். சாயங்காலம் இறங்கி, "அங்க மேகம் எப்படி இருந்துது தெரியுமா?" என்று என்னிடமே சொல்வான். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை நான் கட்டியதை நான் தூக்கிக்கொண்டு போய், ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்க வேண்டும். பத்து நிமிடம். அதற்குப் பிறகு இந்த ஷெட்டையே கொளுத்திவிட்டுப் போகலாம். உனக்கு அது புரியாது. நீ கட்டிய பஸ்ஸில் நீ எந்த நாளும் ஏறிப் போகலாம்.

தகட்டைத் திருப்பி அனுப்பு. பண்ருட்டியில் ஆள் பார்த்துவிட்டேன். அவன் கேள்வி கேட்க மாட்டான்.

கலியமூர்த்தி

---

சிதம்பரம்
21.7.2025

மாமா,

பேனல் இதோடு வருகிறது. முழு வேலையும் முடித்துவிட்டேன்.

நான்கு நாள் யோசித்தேன். நான் பிடித்து வைத்துக்கொண்டால் நீங்கள் பண்ருட்டிக்குப் போவீர்கள். அந்த ஆள் இரண்டு ரிவிட் குறைத்து அடிப்பான், இரட்டைத் தகடு வேண்டாம் என்பான். அதை மாட்டிக்கொண்டும் நீங்கள் போவீர்கள். உங்களை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. நிறுத்த முடியாதபோது, என் கையால் செய்ததாவது உங்களுக்கு முன்னால் இருக்கட்டும்.

நீங்கள் போட்ட படத்தின்படியே, ஒரு மில்லிமீட்டர் மாற்றாமல் செய்திருக்கிறேன். இடது பக்கம் இரட்டைத் தகடு. பின்னாலிருந்து சட்டத்துக்கு நான்கு தாங்கு பட்டை கொடுத்திருக்கிறேன். முழு வேகத்திலும் ஒரு முள்ளும் நடுங்காது. அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள் என்றீர்களே, அந்தப் பயத்தில் இல்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது, அதனால்.

தினமும் காலையில் அக்காவுக்குப் போன் போடுவேன். எடுக்கிற வரைக்கும் எனக்கு உயிர் இருக்காது. அது மட்டும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

உத்திராபதி

---

அண்ணாகிராமம்
28.7.2025

மச்சான்,

ஷெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலர் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. உன்னோடும் பேசியிருக்க மாட்டாள்.

சனிக்கிழமை உன் பேனலை மாட்டினேன். இன்ஜினை முழு வேகத்துக்கு ஏற்றினேன். ஒரு முள்ளும் நடுங்கவில்லை. எல்லாம் என் கண்ணுக்கு நேரே. ஒன்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கை விட்டு மெதுவாக உருட்டினேன். பேனலைப் பார்த்துக்கொண்டேதான் உருட்டினேன். அதிலிருந்து கண்ணை எடுக்க மனமில்லை.

மலர் சோறு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. முந்திரித் தோப்பிலிருந்து வலப்பக்கமாகக் கையை ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் பார்த்துவிட்டேன், நிறுத்திவிடுவேன் என்ற நம்பிக்கையில் நடந்திருக்கிறாள். இறக்கையில் ஏதோ தட்டியது கையில் தெரிந்தது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஓடினேன். தூக்குச்சட்டி ஒரு பக்கம் கிடக்கிறது. மண்ணில் சோறு. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. இன்னும் ஆறடி முன்னால் வந்திருந்தால் மூக்கில் சுற்றுகிற காற்றாடி. அதை நான் எழுத மாட்டேன்.

"அவ்ளோ நேரமா கைய ஆட்டிக்கிட்டே வரேன். என்ன பாக்கவே இல்லியா நீங்க?" என்றாள்.

"பாக்கல."

"நேராதான வந்தேன்?"

"வலது கண்ணு தெரியல மலரு. சித்திரையிலேருந்து."

சோற்றை மண்ணோடு அள்ளி அள்ளிச் சட்டியில் போட்டாள். எதற்கு அள்ளுகிறாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு, "தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும், நான்தான் சொல்லக் கூடாதென்றேன் என்றேன். அதோடு பேச்சை நிறுத்தினவள்தான்.

இன்று காலை டாக்டரிடம் போனோம். முன்பே ஒருமுறை தனியாகப் போயிருந்தேன். சர்க்கரையால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. போன பார்வை திரும்பாது, மிச்சக் கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். அங்கே உட்கார்ந்து அழுதேன். மலர் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிரிசில்லாவுக்குப் போன் போட்டேன். எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அம்மா. முதல் பறப்பை அவள் ஓட்டுகிறாள். நான் கீழே நிற்பேன். அவள் உயரம் ஐந்து அடிகூட இல்லை. இப்போதிருக்கும் பேனல் அவளுக்கு மூக்குக்கு மேலே நிற்கும். இரண்டு அங்குலம் தாழ்த்த வேண்டும். மீட்டர்களை எல்லாரும் வைக்கும் இடத்தில் வைக்க வேண்டும். படம் வைத்திருக்கிறேன். அளவு அவள் சொன்னது, நான் ஒன்றும் மாற்றவில்லை. உன் உழைப்பை மறுபடியும் வீணாக்குகிறேன், மன்னித்துக்கொள்.

பறப்பு ஆகஸ்டு பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பேனலைப் பார்சலில் போடாதே, முன்னதாக நீயே கொண்டு வா. இடது பக்கம் நானே மாட்டிவிடுவேன். வலது பக்கத்து நட்டு எல்லாம் நீதான் போட வேண்டும். எனக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை.

கலியமூர்த்தி